கடவுச்சீட்டும் வரவு இடாப்பும்

"முறைசாரா உழைப்பு" என்ற சொல்லைப் பாடநூல்களிலும் அறிக்கைகளிலும் நாம் அடிக்கடி காண்கிறோம். 1970களின் தொடக்கத்தில், கானாவின் அக்ரா நகரில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கீத் ஹார்ட் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1972ல் கென்யாவைப் பற்றிச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட அறிக்கை அதை உலகெங்கும் பரப்பியது. ஒப்பந்தமோ பதிவோ ஓய்வூதியமோ இல்லாத, அரசின் கண்ணில் படாத வேலை என்று நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். உலகில் வேலை செய்வோரில் 200 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 61 பேர், இப்படிப்பட்ட வேலையில்தான் இருக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2018ல் கணக்குச் சொன்னது.

மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன இலங்கைப் பெண்களை நினைத்துக்கொண்டு இந்தச் சொல்லை வாசிக்கும்போது எனக்கு அது பொருந்திவருவதில்லை. அந்தப் பெண்களிடம் காகிதம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கடவுச்சீட்டு, விசா, மருத்துவச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு, காப்புறுதி, குடும்பப் பின்னணி அறிக்கை, வங்கிச் சிட்டை என்று ஒரு கோவை நிறையக் காகிதம் உண்டு. இந்த நாட்டில் ஓர் அரச ஊழியருக்குக்கூட இத்தனை காகிதம் இருக்குமா தெரியவில்லை. ஆனால் அவள் போய்ச் சேர்ந்த நாட்டின் தொழிற்சட்டத்தில் அவள் தொழிலாளி இல்லை. சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுவேலை செய்பவர்களை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. கஃபாலா முறையில் அவள் நாட்டுக்குள் நுழைவதும் தங்குவதும் வெளியேறுவதும் எசமானின் பொறுப்பில் விடப்பட்டன.

ஆகவே காகிதம் இல்லாததால் அவள் கணக்கில் வராமல் போனாள் என்பது சரியான விளக்கமாகாது. அவளைப் பற்றிய காகிதங்கள் எதை எழுதுகின்றன, எதை எழுதாமல் விடுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு கதையையோ கவிதையையோ எப்படி வாசிப்போமோ அப்படியே இந்தக் காகிதங்களையும் வாசித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையில் என் வேலை.

1. கடவுச்சீட்டு

ரிசானா நஃபீக் மூதூரைச் சேர்ந்தவர். 1988 பெப்ரவரியில் பிறந்தார். 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனபோது அவருக்கு 17 வயது. அவருடைய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்றிருந்தது. ஒரு காகிதத்தில் ஆறு வருடங்கள் கூட்டப்பட்டன.

போய்ச் சில வாரங்களுக்குள், அவருடைய பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறியது என்றார் ரிசானா. கொலை என்றது குற்றச்சாட்டு. விசாரணையின்போது அவருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை. அவர் தமிழில் சொன்னதை அறபியில் மாற்றியவருக்கு அதற்குரிய மொழித்தேர்ச்சி இருந்ததா என்று சர்வதேச மன்னிப்புச் சபை கேள்வி எழுப்பியது. முதலில் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 1996லேயே இணைந்திருந்த நாடு அது. 18 வயதுக்கு முன் நடந்த ஒன்றுக்காக எவருக்கும் மரண தண்டனை விதிக்கக் கூடாது என்பது அந்தச் சமவாயத்தின் விதி. அந்த விதியின் வாசல்வரை ரிசானாவால் போக முடியாமல் மறித்தது கடவுச்சீட்டில் இருந்த 1982 என்ற எண்.

வயதைக் கூட்டியது முகவர்களின் மோசடி என்று சொல்லிவிட்டு நாம் நின்றுவிடுகிறோம். மோசடிதான். ஆனால் அந்த மோசடிக்கு ஏன் தேவை வந்தது என்று கேட்பதில்லை. வீட்டுவேலைக்கு ஒரு பெண்ணை அனுப்பினால் முகவருக்குத் தரகுப் பணம் கிடைக்கும். அந்நாட்களில் பல குடும்பங்களுக்கு முற்பணமும் கிடைத்தது. ஆண் வெளிநாடு போவதென்றால் காணி ஈடுவைத்து, கடன்பட்டு, முகவருக்குக் காசு கட்ட வேண்டும். பெண் போவதற்குக் கட்ட வேண்டியது குறைவு, சில வேளைகளில் ஒன்றுமே இல்லை. போரிலும் கடற்கோளிலும் அடிபட்ட ஊர்களில், ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து முதலில் வெளியே அனுப்பக்கூடியவள் மகள்தான். அவளுக்குப் பதினேழு வயதென்றால் கடவுச்சீட்டில் அதைத் திருத்துவதற்கு ஆள் இருந்தது.

இதைச் சிறுவர் உழைப்பு என்று எந்தப் புள்ளிவிபரமும் எழுதவில்லை. காகிதத்தில் அவர் 23 வயதுப் பெண். உயிரோடு இருந்தவரை வளர்ந்த தொழிலாளி என்ற கணக்கில் இருந்தார். தண்டனை விதிக்கப்பட்ட பிறகுதான் நாம் எல்லோரும் அவரைச் சிறுமி என்று அழைக்கத் தொடங்கினோம்.

2. வங்கிச் சிட்டை

இலங்கையர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் 2014ல் சுமார் 700 கோடி டொலர். அதே காலத்தில் தேயிலை ஏற்றுமதி ஆண்டொன்றுக்கு 120 முதல் 160 கோடி டொலர் வரை. பாடசாலையில் நாம் படித்ததெல்லாம் தேயிலை, இறப்பர், தெங்கு. நாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது அவற்றைவிடப் பல மடங்கு பெரிய இன்னொரு ஏற்றுமதி. 1990களின் நடுப்பகுதியில் வேலைக்காக வெளிநாடு போனவர்களில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பணிப்பெண்கள்.

இந்தப் பணத்தை அரசு எப்படிப் பேசியது? "ரட்ட விருவோ", அதாவது நாட்டின் வீரர்கள் என்றது. 2021 இறுதியில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது இந்த மொழி இன்னும் உரத்தது. வங்கிகள் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் நிறுத்தி வைத்திருந்தன. உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தனர். இரத்தம் சிந்திச் சேர்த்த காசுக்கு எங்கே கூடுதலாகக் கிடைக்குமோ அங்கே மாற்றுவது யாரும் செய்யக்கூடியது. வங்கிவழி வந்த பணம் 2020ல் சுமார் 710 கோடி டொலராக இருந்து 2022ல் சுமார் 380 கோடியாக விழுந்தது. உடனே அவர்களுக்கு நாட்டுப்பற்று போதவில்லை என்ற தொனியில் பேச்சு எழுந்தது. பிறகு ஊக்குவிப்புத் திட்டங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, வங்கிவழி பணம் அனுப்புபவர்களுக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி. மாதம் சில நூறு டொலர் சம்பளத்துக்குச் சமையலறையில் நிற்கும் ஒரு பெண் அந்த வாகனத்தை எப்போது வாங்குவாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் திட்டத்தை எழுதியவர்களின் மனதில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளி அவள் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

வங்கிச் சிட்டையில் ஒரு தொகை இருக்கும், அனுப்பியவர் பெயர் இருக்கும், பெறுபவர் பெயர் இருக்கும். அவள் எத்தனை மணிக்கு எழும்பினாள், எத்தனை மாதச் சம்பளம் கையில் கிடைக்கவில்லை என்பவை இராது. அவள் இங்கே விட்டுப்போன வேலைகளை யார் செய்கிறார் என்பதும் இராது. ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000ஆம் ஆண்டில் இதைப் "பராமரிப்புச் சங்கிலி" என்ற கருத்தால் விளக்கினார். பணக்கார நாட்டில் ஒரு வீட்டின் பிள்ளையை ஏழை நாட்டிலிருந்து வந்த பெண் பார்க்கிறாள். அவளுடைய பிள்ளையை அவளிலும் ஏழையான இன்னொருத்தி பார்க்கிறாள். கடைசிக் கண்ணியில் இருப்பவள் பெரும்பாலும் வீட்டின் மூத்த மகள். கீழே போகப்போகக் கூலி குறைகிறது, கடைசியில் ஒன்றுமே இல்லை. வங்கிச் சிட்டை இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டுமே காட்டுகிறது.

இதற்காகப் பெண்கள் போகவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மிஷேல் கம்பர்ட் தெற்கிலங்கைக் கிராமமொன்றில் ஆய்வு செய்து 2000ல் வெளியிட்ட நூல், போய்வந்த பெண்கள் கல்வீடு கட்டியதையும், குடும்பத்தில் அவர்களுடைய பேச்சுக்கு மதிப்பு கூடியதையும், கணவன்மாரோடான உறவு மாறியதையும் விரிவாகப் பதிவு செய்கிறது. எங்கள் பகுதியிலும் சீதன வீட்டைத் தன் உழைப்பில் தானே கட்டிக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். குடிகாரக் கணவனிடமிருந்து தப்புவதற்கு விமானத்தைத் தவிர வேறு வழி தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "பாவங்கள்" என்று சொல்வது அவர்களுடைய கணிப்பையும் துணிவையும் அவமதிப்பதாகும்.

3. குடும்பப் பின்னணி அறிக்கை

ரிசானாவின் தலை வெட்டப்பட்ட அதே 2013ல் அரசு ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தது. வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போக விரும்பும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை ஒன்றைப் பெற வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. அதற்கு மேற்பட்ட வயதில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்க்க யார் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். கணவனின் சம்மதமும் வேண்டும். கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் இதைச் சரிபார்க்கும். சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆக உயர்த்தப்பட்டது.

ஒரு இளம் பெண் போலி வயதோடு அனுப்பப்பட்டு, மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் இல்லாமல் தண்டிக்கப்பட்டாள். அதற்கு அரசு கண்ட மருந்து தாய்மாரைத் தடுப்பது. ரிசானா தாய் இல்லை. அவருக்கு நேர்ந்ததில் முகவர், கடவுச்சீட்டு, தூதரகம், கஃபாலா எல்லாம் சம்பந்தப்பட்டிருந்தன. பதில் மட்டும் பெண்ணின் தாய்மையைப் பற்றியதாக வந்தது. ஒரு சம்பவத்தைத் தவறாக வாசித்தால் எப்படிப்பட்ட சட்டம் பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வெளிநாடு போகும் தகப்பனிடம் "உன் பிள்ளையை யார் பார்ப்பார்?" என்று எந்தச் சுற்றறிக்கையும் இப்படிக் கேட்டுத் தடுக்கவில்லை. கட்டட வேலைக்குக் கத்தார் போகும் ஆணின் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அது அவனுடைய பொறுப்புணர்ச்சிக்கு அடையாளம். பெண்ணுக்கு அதே பிள்ளை தடை. 2010களின் நடுப்பகுதியில் வெளிநாடு போனவர்களில் பெண்களின் பங்கு பத்தில் நான்குக்கும் கீழே இறங்கியது. வறுமை அந்த அளவுக்கு இறங்கவில்லை. உல்லாசப் பயண விசாவில், பதிவில்லாமல், உப முகவர்களின் கையில் போகும் வழி திறந்தது. பாதுகாப்பதற்காக என்று சொல்லப்பட்ட காகிதம் சிலரைப் பாதுகாப்பே இல்லாத வழிக்குத் தள்ளியது.

பிறகு 2022 வந்தது. நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. எரிபொருளுக்கு டொலர் இல்லை. அந்த ஆண்டு 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அப்போது அமைச்சரவை, ஐந்து வயது என்ற எல்லையை இரண்டு வயதாகக் குறைத்தது. ஒன்பது ஆண்டுகளில் பிள்ளைகளின் தேவையில் என்ன மாறிவிட்டது? மூன்று வயதுப் பிள்ளைக்கு 2013ல் தாய் வேண்டும், 2022ல் வேண்டாமா? மாறியது திறைசேரியின் தேவை. தாய்மை புனிதமானது என்று மேடையில் சொல்வோம், டொலர் குறைந்தால் அதன் வயதெல்லையைத் திருத்துவோம். இந்த ஒரு திருத்தம், பெண்ணைப் பற்றி அரசு என்ன நினைக்கிறது என்பதைப் பல அறிக்கைகளைவிடத் தெளிவாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

4. வரவு இடாப்பு

குடும்பப் பின்னணி அறிக்கையில் பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மம்மாவின் பெயரோ பெரியம்மாவின் பெயரோ இருக்கும். ஆசிரியையாக வேலை செய்த காலத்தில் நான் கண்டது வேறு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே வரவு இடாப்பில் இடைவெளிகள் விழத் தொடங்கும். முதலில் திங்கட்கிழமைகள், பிறகு வாரத்தில் இரண்டு நாள். கேட்டால் "தம்பிக்குக் காய்ச்சல் டீச்சர்" என்பாள். அம்மம்மாவுக்குக் கண் தெரியாது, கிணற்றில் தண்ணீர் அள்ள ஆள் இல்லை, சின்னவனை முன்பள்ளியில் விட வேண்டும். அவள் வேலைக்குப் போகிறாளா என்று கேட்டால் ஊரில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "வீட்டில சும்மா நிக்கிறாள்", "தாய்க்கு உதவியா இருக்கிறாள்" என்பார்கள்.

"சும்மா", "உதவி" ஆகிய இந்த இரண்டு சொற்களும் தமிழில் பெண்பிள்ளையின் உழைப்பை மறைப்பதில் செய்த வேலை பெரிது. ஆண்பிள்ளை கராஜில் நின்றால் அது வேலை. அதைப் பற்றி அதிகாரி வந்து கேட்கலாம். பெண்பிள்ளை விடியற்காலை முதல் சமைத்து, கழுவி, தூக்கி, துடைத்தால் அது நல்ல பழக்கம்.

உலக அளவிலும் இதே பிழைதான் நடக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2020ஆம் ஆண்டுக்குச் சேர்ந்து செய்த மதிப்பீட்டில் 16 கோடிச் சிறுவர்கள் உழைப்பில் இருந்தார்கள். ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 11 பேர், பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 8 பேருக்குச் சற்றுக் குறைவு. இதைப் பார்த்தால் பெண்பிள்ளைகள் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 5 முதல் 14 வயது வரையுள்ளவர்களில், வாரத்தில் 21 மணித்தியாலத்துக்கு மேல் சொந்த வீட்டில் வேலை செய்வதையும் சேர்த்துக்கொண்டால் இந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே "பெண்பிள்ளைகள் குறைவாக உழைக்கிறார்கள்" என்பதில் பெரும்பகுதி, நாம் எதை உழைப்பு என்று எண்ணினோம் என்பதால் வந்தது. மரிலின் வேரிங் 1988லேயே தேசியக் கணக்கு முறை பெண்களின் உழைப்பை எப்படி விட்டுவிடுகிறது என்று ஒரு நூல் முழுக்க எழுதினார். அந்த விமர்சனத்தை நாம் வளர்ந்த பெண்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். பதின்மூன்று வயது மகளுக்கு அதை நீட்டவில்லை.

சட்டமும் நீண்ட காலம் இரண்டு மனதாகவே இருந்தது. இலங்கையில் 2016ல் கட்டாயக் கல்வி வயது 16 ஆனது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதோ 2021 வரை 14 ஆகவே இருந்தது. ஐந்து ஆண்டுகள், பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும், வேலைக்குப் போகலாம் என்று இன்னொரு சட்டமும் சொல்லிக்கொண்டிருந்தன. 2021ன் தொடக்கத்தில் அந்த வயது 16 ஆக உயர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வீட்டுவேலை செய்த இடத்திலிருந்து எரிகாயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தாள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்து அப்போது நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்திலிருந்து பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு "நல்லாப் பார்த்துக்கொள்வார்கள்" என்ற ஒரு வாக்கை நம்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அந்த வாக்குக்குக் காகிதம் கிடையாது. வீட்டுவேலைக்காரர் பற்றி நம் சட்டப் புத்தகத்தில் இருப்பது 1871ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்து எசமானர்கள், தங்கள் வேலைக்காரர் யார் எவர் என்று தெரிந்துகொள்வதற்காகக் கொண்டுவந்தது. சவூதியின் சட்டத்தைக் குறைசொல்ல நாம் வாய் திறக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

5. நாம் எழுதியவை

ரிசானாவின் மரணத்துக்குப் பிறகு தமிழில் நிறையக் கவிதைகள் எழுதப்பட்டன. பலவற்றை நான் வாசித்தேன். பூ, மொட்டு, சிறகு முறிந்த பறவை என்ற உவமைகள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை எழுதியவர்களின் துயரம் உண்மையானது. ஆனால் மொட்டுக்குச் சம்பளம் இல்லை, வேலை நேரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. அவர் ஒரு தொழிலாளி, சட்டம் தடைசெய்திருக்க வேண்டிய வயதில் தொழிலாளியானவர் என்ற விபரம் அந்தக் கவிதைகளில் கரைந்துபோயிற்று. இன்னொரு பக்கம் பத்திரிகைகளில் விவாதம் முழுக்க ஷரீஆ சட்டம் சரியா பிழையா என்பதில் சிக்கிக்கொண்டது. முஸ்லிம் பெண்கள் தங்கள் சமயத்தைக் காப்பதா, தங்கள் சகோதரியைக் காப்பதா என்று தேர்ந்தெடுக்கும்படி நெருக்கப்பட்டார்கள். மூதூரிலிருந்து தவாத்மி வரை அவரைக் கொண்டுபோன வழியை, அதில் காசு பார்த்தவர்களை, அதைக் கணக்கில் வரவு வைத்த அரசை யாரும் அதிகம் பேசவில்லை.

எனவே எழுதும் பெண்களாகிய நமக்கும், இந்த விடயத்தைப் படிக்கும் மாணவியருக்கும் சில வேலைகள் உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் இலக்கச் சமவாயம் 2011ல் வந்தது. பத்தாண்டுகள் கடந்தபின்னும் இலங்கை அதை உறுதிப்படுத்தியிருக்கவில்லை. வெளிநாட்டில் நம் பெண்களுக்கு உரிமை கேட்பவர்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தங்கள் சமையலறையில் நிற்பவளுக்கு அதே உரிமையைக் கொடுக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் எழுத்தில் சம்பளமும் உட்பட. குடும்பப் பின்னணி பற்றிக் கேட்பதென்றால் தகப்பனிடமும் கேட்க வேண்டும். தாய் போன வீட்டில் தகப்பன் என்ன சமைத்தான், யாரைக் குளிப்பாட்டினான் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லாதவரை அது குடும்பத்தைப் பற்றிய அறிக்கையாகாது. ஆய்வு செய்யும் மாணவியர் சிறுவர் உழைப்பு என்று எழுதும்போது செங்கல் சூளையோடும் கராஜோடும் நின்றுவிடாமல், வீட்டுக்குள் போய் மணித்தியாலக் கணக்கு எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிதானது வரவு இடாப்பு. அது ஏற்கெனவே எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறது, ஒவ்வொரு காலையும் ஒரு ஆசிரியை அதைத் திறக்கிறார். தாய் வெளிநாட்டில் இருக்கும் வீட்டின் மூத்த மகள் எந்த மாதத்திலிருந்து வராமல் போகிறாள் என்று பார்ப்பதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம். பெயருக்கு நேரே விழுந்த அந்த இடைவெளியில் அவள் என்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டு, பதிலை எழுதி வைத்தால் போதும். "சும்மா நின்றாள்" என்று மட்டும் எழுதக் கூடாது.